அட்டை மாறிய பொம்மைகள்

பதுளை பஜாரில் ஒரு ஃபேன்சி கடையில் வேலை செய்கிறேன். வேலை என்றால் நிற்பது. காலை எட்டரையிலிருந்து கடை சாத்தும்வரை வளையல், கிளிப், பலூன், பொம்மை என்று எடுத்துக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள் என்று முதலாளியிடம் மூன்று வருஷமாகக் கேட்கிறேன். "இன்ஷா அல்லாஹ், போட்டுருவோம்" என்பார். மனிதர் நல்லவர்தான். ஸ்டூல்தான் வந்தபாடில்லை.

அவருடைய தங்கச்சி மகன் கொழும்பில் இருக்கிறார். நாற்பது வயதில் பொம்மை சேர்க்கிறவர். விளையாடுவதற்கு அல்ல. அட்டையில் ஒட்டிய பழைய சிப்பாய்ப் பொம்மைகளை, பாக்கெட்டைக்கூடப் பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாராம். கட்டிக்கொண்டவள் என்ன பாடுபடுகிறாளோ! போன பெருநாளுக்கு வந்தவர், நேரே என்னிடம் வந்து போனை நீட்டினார்.

"அக்கா, நீங்க அந்தக் காலத்துல பொம்மை பெக்டரியில வேலை செஞ்சீங்களாமே, மாமா சொன்னாரு. இதக் கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன். அட்டையில் இருந்த படம் விண்வெளிக்காரன். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மூடிக்குள் நின்றது பனிமலைக்காரன். எங்கள் பெக்டரி அட்டைதான்.

"வெளிநாட்டுல இதுக்குப் பெரிய சண்டை அக்கா. மெஷின் தப்பாப் போட்டிருக்கும்னு கொஞ்சப் பேர் சொல்றாங்க. யாரோ வெட்டி ஒட்டின ஏமாத்து வேலைன்னு மத்தவங்க சொல்றாங்க. நெசமாவே பெக்டரியில மாறினதா இருந்தா, இது மாதிரி அபூர்வம் கிடையாது. இந்தத் தப்பப் பண்ணுன கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும்!"

சுருக்கென்று கோபம் வந்தது எனக்கு. ஆனால் முதலாளியின் மருமகனிடம் கோபத்தைக் காட்டி எங்கே போவது? "மெஷின் எங்க தம்பி பொம்மைய வச்சுச்சு? மனுசங்க வச்சது" என்றேன். அதோடு விட்டாரா? மூன்று நாளும் கடைக்கு வந்து, எப்படி நடந்தது, எப்படி நடந்தது என்று உயிரை வாங்கிவிட்டார். பொதுவாக எப்படி நடக்கும் என்பதைச் சொல்லி அனுப்பினேன். முழுதாகச் சொல்லவில்லை.

அவரிடம் சொன்னது இதுதான். பிளாஸ்டிக் மூடிகள் குழி வைத்த பலகையில் மல்லாந்து கிடக்கும். அதற்குள் பொம்மையைக் குப்புற வைக்க வேண்டும். பக்கத்தில் அதன் துப்பாக்கியோ கோடரியோ ஒன்றைச் செருக வேண்டும். மேலே அட்டையைக் கவிழ்க்க வேண்டும். பெல்ட் அதைச் சூடான பிரஸ்ஸுக்குக் கொண்டுபோகும். அது அமுக்கி ஒட்டிவிடும். அதாவது, வைக்கிறவள் கண்ணுக்குப் பொம்மையின் முதுகுதான் தெரியும். அட்டையிலும் பின்பக்கம்தான் தெரியும். பின்பக்கம் எல்லா அட்டைக்கும் ஒரே அச்சு. முகமும் படமும் பிரஸ்ஸுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் நிமிரும். அங்கே பெட்டியில் அடுக்குகிறவளோ எண்ணிக்கை பார்ப்பாளா, முகம் பார்ப்பாளா? துப்பாக்கி இல்லாமல் போனதும் உண்டு, இரண்டு துப்பாக்கியோடு போனதும் உண்டு, தலைகீழாகப் போனதும் உண்டு. ஓர் அட்டை முடிகிற நாளில், மிச்சத்தைத் தீர்த்துவிடுங்கள் என்று சொல்லி, கையில் கிடைத்த பொம்மையை வைக்கவிட்ட சூப்பர்வைசர்களும் இருந்தார்கள்.

இனி அவரிடம் சொல்லாதது.

நான் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பதினெட்டு வயதில், கொழும்புக்குப் பக்கத்து ஏற்றுமதி வலயத்தில் இருந்த அந்தப் பெக்டரிக்குப் போனேன். என்னோடு ஒரே அறையில் தங்கி, ஒரே பாயில் படுத்தவள் மடுல்சீமைக்காரி ஒருத்தி. எனக்கு வாய் நீளம். அவளுக்குக் கை சுத்தம். அவள் மடித்த துணியை இஸ்திரி போடத் தேவையில்லை. பெக்டரியிலும் பக்கத்துப் பக்கத்து மேசைதான். அந்த ஒரு நாள்வரை ஒரு தப்புக்கூட அவள் பெயரில் விழுந்ததில்லை.

இரண்டு பேருமே அதற்கு முன்னால் கொழுந்து பறித்தவர்கள். மலையில் ஒரு பழக்கம் உண்டு. கொழுந்து நிறுக்கிற நேரம் நெருங்கும்போது, பக்கத்து நிரைக்காரியின் கூடை குறைவாக இருந்தால், நம் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் கூடையில் போடுவோம். கேட்க வேண்டியதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. நாளைக்கு நமக்குக் குறைந்தால் அவள் போடுவாள். கொழுந்துதானே, எந்தக் கூடையில் இருந்தால் என்ன?

அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். கொதிக்கிற உடம்போடுதான் வந்து நின்றாள். இடையில் வாந்தி வந்து, அனுமதி கேட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடினாள். அவள் தட்டில் பொம்மை நாலைந்துதான் இருந்தது. பொம்மை கொண்டுவருகிற வண்டியைக் காணோம். அவள் திரும்பி வந்தாலும் வைக்கப் பொம்மை இருக்காது; பெல்ட் யாருக்காக நிற்கும்? காலி மூடி போனால் அந்த மேசைக்காரிக்கு ஏச்சு விழும். நான் என்ன செய்தேன்? என் தட்டிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் தட்டில் போட்டேன். அவள் திரும்பி வந்து நிறைந்திருந்த தட்டைப் பார்த்து, வண்டி வந்து போயிருக்கிறது என்று நினைத்து, வேலையைத் தொடர்ந்தாள்.

என் மேசையில் பனிமலைக்காரன். அவள் மேசையில் விண்வெளிக்காரன். இரண்டும் வெள்ளை. முதுகைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் கிடையாது. எனக்கு அது உறைக்கவே இல்லை. கை பழக்கத்தில் போய்விட்டது. அள்ளிப் போட்டபோது, நல்லது செய்தோம் என்றுகூட நினைத்தேன். பாவி!

நாலாம் நாள் ஒரு பெட்டியைப் பிரித்துச் சோதித்தபோது மாட்டியது. அதற்குள் மற்றப் பெட்டிகள் கப்பல் ஏறிவிட்டன. அவற்றில் ஒன்றுதான் இன்றைக்கு யாருடைய கண்ணாடி அலமாரியிலோ உட்கார்ந்துகொண்டு விலை பேசுகிறது. பெட்டிச் சீட்டில் மேசை நம்பர் இருந்தது. அவளைக் கூப்பிட்டார்கள். எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்டார்கள். அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "காய்ச்சலா இருந்திச்சுங்க. என் கைதான் தவறியிருக்கும்" என்றாள். அன்றைக்கே கணக்கை முடித்து அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், வேறென்ன? சாயங்காலம் அறையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான் அறைக்குப் போனபோது, அவள் பாயில் தன் பாதியைச் சுத்தமாகக் கூட்டி வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பியிருந்தாள். அவளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தைப்பொங்கலுக்கு நினைத்தேன், தீபாவளிக்கு நினைத்தேன். அப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நினைத்து நினைத்தே அலுத்துப்போன விஷயம் இது. அந்தப் போன் படத்தைப் பார்த்த பிறகுதான், இனியும் இதைத் தூக்கிக்கொண்டு நடக்க எனக்குத் தெம்பில்லை என்று தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். மடுல்சீமை ரோட்டைப் பற்றி என்னத்தைச் சொல்ல! குலுங்கிக் குலுங்கி இடுப்பு கழன்றுவிட்டது. இறங்கி இரண்டு பேரிடம் விசாரித்து, தேயிலைக்குள் இறங்குகிற படிகளில் நடந்து, அவள் இருந்த மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு மணி.

வாசலில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஐயோ, நீயா புள்ள!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எனக்கு அது இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது.

தேத்தண்ணி போட்டாள். டம்ளரை என் கையில் தரப்போனவள் நின்று, உள்ளே இருந்த புருஷனிடம், "இந்தாங்க, நான் சீனி போட்டேனா? பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"போட்ட போட்ட" என்றார் அவர், சிரித்துக்கொண்டே வெளியில் வந்து. "இவள நம்பக் கூடாதுங்க. கொழும்புல பொம்மைய மாத்திப் போட்டுட்டு வந்தவ. இந்த லயத்துல இவளுக்குப் பேரே 'மாத்திப்போட்டவ'தான்."

அவளும் சிரித்தாள். "பிள்ளக்காம்பராவுல பிள்ளைகளப் பாத்துக்க ஆள் எடுத்தாங்க புள்ள, ஒரு தடவ. நானும் பேர் குடுத்தேன். இவகிட்ட விட்டா சாயங்காலம் பிள்ளைய மாத்திக் குடுத்துருவான்னு நாலு பேர் சிரிச்சாளுக. அதோட போச்சு. அவளுகளச் சொல்லி என்ன செய்ய? என் கை அப்பிடி."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். காய்ச்சல், காலித் தட்டு, என் இரண்டு கை, எல்லாவற்றையும்.

அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "திரும்பச் சொல்லு" என்றாள். திரும்பச் சொன்னேன்.

"அப்ப என் கை தப்புப் பண்ணலியா?"

"இல்ல புள்ள. நான்தான்."

"கொழம்புக்கு உப்புப் போட்டா ரெண்டு தரம் நக்கிப் பாக்குறேன். கதவப் பூட்டிட்டு மலைக்குப் போனா, பாதி வழியில திரும்பி வந்து இழுத்துப் பாக்குறேன். எம் பிள்ளைக்கி மருந்து ஊத்துறதுக்குக்கூடப் பக்கத்து வீட்டுப் பொம்பளையக் கூப்பிட்டேன், தெரியுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. என் கையைப் பிடித்துத் தூக்கினாள். "அழுவாத. அழுதா சொல்ல வராது. எந்திரி."

"எங்க?"

"வா."

முதல் வீட்டு வாசலில் ஒருத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் என்னை நிறுத்தி, "இவ என்கூட கொழும்புல வேலை செஞ்சவ. இவ சொல்றதக் கேளு" என்றாள். நான் ஆரம்பித்தேன். அப்போது எனக்குச் சின்ன வயது, வீட்டில் கஷ்டம், பயந்துவிட்டேன் என்றெல்லாம் இழுத்தேன்.

"அதெல்லாம் வேணாம்" என்று வெட்டினாள். "பொம்மைய யாரு போட்டாங்கறத மட்டும் சொல்லு."

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. பிள்ளைக்காம்பரா பேச்சில் சிரித்த நாலு பேரில் ஒருத்தி, "இதுக்கா பதுளையிலருந்து வந்த?" என்று வாயைப் பிளந்தாள். ஒரு கிழவனாருக்குக் காது கேட்கவில்லை. கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கதையே தெரியாத ஒரு சின்ன மருமகளுக்கு முதலில் கதையைச் சொல்லி, பிறகு அதைத் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஆறாவது வீட்டுக்குப் போகும்போது நான் சொல்வது சுருங்கி, "நான்தான் போட்டேன், இவ இல்ல" என்று ஆகிவிட்டது. அவள் ஒவ்வொரு வீட்டிலும் என் பக்கத்தில் நின்று, கேட்கிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையை மட்டும் விடவில்லை.

மேல் லயத்தின் கடைசி வீட்டை முடித்து வெளியில் வந்தபோது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ரோட்டுப் பக்கம் கடைசி பஸ்ஸின் ஹார்ன் கேட்டது.

"பஸ் போயிரும் புள்ள" என்றேன்.

"போகட்டும்" என்றாள். "கீழ் லயத்துல இன்னும் பன்னெண்டு வீடு இருக்கு."