மண்சட்டியில் ஒரு பேட்டரி

ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சபுரா காய்ச்சல் பார்ப்பதுபோலப் பேட்டரியின்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். சார்ஜரில் எண்கள் ஓடத்தான் செய்கின்றன. அவளுக்கு நம்பிக்கை தன் தோல்மேல்தான். "நம்பர் லேட்டாத்தான் சொல்லும். தொட்டா ஒடனே தெரிஞ்சிரும்."

பேட்டரி இருப்பது குயவர்கள் இருக்கிற கும்பார்வாடாவில் வாங்கிய மண்சட்டிக்குள். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல். தாராவியில் அவள் அறை மாடியில். கீழே வானமாமலையின் பை தைக்கிற பட்டறை. தோல், ஃபோம், ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாக்கள், ஆறு ஆட்கள். ஒரு பொறி இறங்கினால் அந்தச் சந்தே எரிந்துபோய்விடும். அதனால் சார்ஜ் ஏறும்போது இடத்தைவிட்டு நகரமாட்டாள், போனை எடுக்கமாட்டாள். பாத்ரூம் போவதானாலும் ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் போவாள்.

"என்ன தங்கச்சி, அடைகாக்கியா?" என்று வானமாமலை கீழேயிருந்து தினமும் கேட்பார்.

மாடல் விமானம் விடுகிறவர்கள் பேட்டரி சார்ஜ் போட எங்கெங்கிருந்தோ அவளைத் தேடி வருகிறார்கள். விமானத்தை ஓட்டும் கைப்பெட்டிக்கு அவர்கள் பாஷையில் ரேடியோ என்று பெயர். விமானம் மேலே இருக்கும்போது ரேடியோவில் பேட்டரி தீர்ந்தால், அது யார் தலையில் இறங்கும் என்று சொல்லமுடியாது.

போன ஞாயிறு காலையில் திலக் நகர் மகேஷ்குமார் வந்தார். ஐம்பது வயது, ஆபீஸில் பெரிய உத்தியோகம், மதியம் போட்டி. ரேடியோவுடன் வந்த நிக்கல் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புதிதாக லித்தியம் போட்டிருந்தார். கெட்டுப்போன லித்தியம் உப்பிக்கொள்ளும்; தடித்த உறைக்குள் இது உப்பியிருக்கிறதா என்று தெரியவில்லை. அவர் சாமான் கொண்டுவந்த பெட்டியில் நிக்கலுக்கான பழைய சார்ஜரும் கிடந்தது.

"லித்தியத்தை இந்தப் பழைய சார்ஜர்ல எதுவும் போட்டீங்களா சார்?"

"சேச்சே! கொஞ்சம் ஜல்தி பண்ணும்மா."

சபுரா பேட்டரியைச் சட்டியில் வைத்துத் தன் சார்ஜரில் போட்டாள். இருபதாவது நிமிஷம் வைத்த புறங்கையை உடனே எடுக்கவில்லை. சூடு ஏறிக்கொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்கினாள், மணலை அள்ளிச் சட்டியில் கொட்டினாள், படிக்கட்டில் தலையை நீட்டிக் கத்தினாள்.

"அண்ணாச்சி! சொல்யூஷனையெல்லாம் மூடிட்டு எல்லாரும் வெளிய போங்க! வெளாட்டுக்குச் சொல்லல!"

வானமாமலை ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. கீழே தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"நீங்களும் எறங்குங்க சார்."

"நீ?"

"சட்டியை யாரு பாக்கது?"

மணலின் நடுவிலிருந்து நூல்போலப் புகை கிளம்பியது. தித்திப்பாக ஒரு வாடை மூக்கை அரித்தது. சபுரா ஜன்னலைத் தள்ளித் திறந்து, துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு, மிச்ச மணலையும் கொட்டினாள். அவளுக்கும் பயம்தான்.

கால் மணி நேரத்தில் புகை அடங்கியது. மகேஷ்குமார் படியேறி வந்து வாசலிலேயே நின்றார்.

"உண்மையைச் சொல்லுங்க சார்."

"ராத்திரி பூரா பழைய சார்ஜர்லதான் போட்டிருந்தேன். பின் சரியா உள்ள போச்சேம்மா."

"போகும் சார். ரெண்டுக்கும் ஒரே பின்னுதான். ஆனா லித்தியத்துக்கு எங்க நிறுத்தணும்னு அந்தச் சார்ஜருக்குத் தெரியாது, ஏத்திக்கிட்டே இருக்கும். கீழ ஆறு பேரு இருக்காங்க."

"இனிமே அதைத் தொடமாட்டேன். பிராமிஸ்."

சபுரா பெட்டியிலிருந்த பழைய சார்ஜரை எடுத்தாள். கட்டிங் பிளேயரைப் பிடித்து, பின்னை ஒயரோடு நறுக்கி அவர் உள்ளங்கையில் போட்டாள்.