படகுத்துறையில் தொங்கிய படம்

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். நான்காம் வகுப்போடு நின்றவன் நான்.

ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் டாலாவில் சைக்கா என்கிற மூன்று சக்கர ரிக்‌ஷா மிதித்துப் பிழைத்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் ரங்கூனிலிருந்து வெள்ளைக்காரர்கள் படகில் வர ஆரம்பித்தார்கள். சந்தை, கோயில், ஆற்றோரத்து மீன்காரர் குடிசைகள் என்று சைக்காவில் வைத்துச் சுற்றிக் காட்டுவோம். எங்கள் தமிழர் தெருவுக்கும் கூட்டி வருவோம். பிள்ளைகள் 'ஹலோ' என்று பின்னால் ஓடும். பெண்கள் முதலில் உள்ளே போய்விடுவார்கள். பிறகு அவர்களும் பழகிப்போனார்கள்.

என் மகளுக்குச் சடங்கு வைத்த அன்று ஒரு வெள்ளைக்காரர் வாசலில் வந்து நின்றார். விசேஷ வீட்டுக்கு வந்தவரை எப்படித் திருப்பி அனுப்புவது? இலை போட்டோம். பட்டும் மாலையுமாக மணையில் உட்கார்ந்திருந்த மகளைப் படம் எடுத்தவர், "மேரேஜ்?" என்று என்னிடம் கேட்டார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். பெண் பெரியவளாகிவிட்டாள் என்பதை அந்நிய ஆணிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. "எஸ், எஸ்" என்றேன்.

சில வருஷம் கழித்து, அந்தப் படம் படகுத்துறைக் கடையில் அஞ்சலட்டையாகத் தொங்கியது. கூட சைக்கா ஓட்டும் தமிழர் ஒருவர் அடியில் இருந்த இங்கிலீஷைப் படித்துச் சொன்னார்: 'குழந்தை மணப்பெண், பர்மா.'

"என்ன மச்சான், மகளக் கட்டிக் குடுத்துட்டு எங்களுக்கு ஒருவாய் சோறு போடலியே" என்று சிரித்தார்.

அப்போதுதான் மகளுக்கு ரங்கூன் பக்கத்து ஷ்வேப்யிதாவில் தையல் ஆலை வேலை கிடைத்திருந்தது; தினமும் படகேறித்தான் போக வேண்டும். "அந்தத் தொறையில நான் கால் வைக்க மாட்டேம்ப்பா" என்றாள். திங்கட்கிழமை போகாவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

பர்மாக்காரியான கடைக்காரியிடம் போய், அவள் பாஷையிலேயே அட்டையை எடுத்துவிடச் சொன்னேன்.

"ஏன் அண்ணே, அதுதான் நல்லாப் போகுது. யாரு இந்தப் பொண்ணு?"

சொன்னால் எல்லாவற்றையும் விளக்க வேண்டும். "தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில், கடைக்காரி தர மறுக்கிறாள் என்றேன்.

மனைவி மகளையும் இழுத்துக்கொண்டு போனாள். "இது என் மக. வயசுக்கு வந்ததுக்குச் செஞ்சது, கல்யாணமில்ல" என்றாளாம். கடைக்காரி எல்லா அட்டைகளையும் கழற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "உங்க வீட்டுக்காரர் இவளத் தெரியாதுன்னாரே அக்கா" என்றிருக்கிறாள்.

திங்கட்கிழமை மகள் படகேறினாள். துறைவரை என் சைக்காவில் வரவில்லை. அம்மாவோடு நடந்தே போனாள்.

டாலா, 7 பிப்ரவரி 2010