ஆறு போடக்கூடாத இடம்

1. பம்ப், பொய்லர், கடைசியில் கதவு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மெனேஜரிடம் ஏச்சு வாங்கினேன்.

கண்டி டவுனுக்கு மேலே, மரங்களுக்குள் மறைந்து நிற்கும் ஹோட்டல் அது. பெயர் வேண்டாம். யுத்தத்தால் வெள்ளைக்காரர் வரத்துக் குறைந்து பாதி அறைகள் பூட்டிக் கிடந்த காலம். புக்கிங், பில் எல்லாவற்றையும் ஒரு லினக்ஸ் மெஷினில் ஏற்ற ஆள் தேடினார்கள். நான் பன்வில தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, கொம்பியூட்டர் டிப்ளோமாவைக் காட்டி, அந்த வேலையைப் பிடித்துக்கொண்டேன். என் பெயர் செல்வராணி. ஹோட்டலில் எல்லாருக்கும் ராணி மிஸ்.

மெனேஜர் திலகசிரி சேர் சிங்களவர். கம்பளைக் கடைத்தெருவில் வளர்ந்தவர் என்பதால் எங்கள் தமிழை எங்களை விட வேகமாகப் பேசுவார். தமிழில் பேசினாலும் சிங்களத்தில் பேசினாலும் அவர் வாயில் எந்நேரமும் இருந்தது ஒரே சிங்களச் சொல்: 'இக்மன்'. சீக்கிரம் என்று அர்த்தம். பீங்கான் கழுவுகிறவருக்கும் இக்மன், கல்யாணம் முடித்து வந்து நிற்கும் ஜோடிக்கும் இக்மன்.

நான் லினக்ஸை இன்ஸ்டோல் பண்ணி முதல் தடவை எழுப்பியபோது முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். ஸ்கிரீனில் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது.

"என்னா மிஸ், சுவிட்ச்ச போட்டா பல்ப் எரியுது. இது மட்டும் ஏன் இவ்வளவு நேரம் முக்குது? இக்மன், இக்மன்!"

எனக்குச் சுரீரென்று வந்தது. "சேர், நம்ம ஹோட்டல காலையில எப்படித் தொறக்கிறோம்? மொதல்ல தண்ணி பம்ப், அப்புறம் பொய்லர், அப்புறம் கிச்சன். வாசக் கதவ கடைசியிலதானே தொறக்கிறோம்? இதுவும் அப்படித்தான். மொதல்ல எழும்புறது இனிட். அதுதான் மத்த எல்லாத்தையும் வரிசையா எழுப்புது. வரிசை மாறினா பொய்லர் வெடிக்கும்."

"பொய்லர் வெடிக்குமா?"

"சும்மா ஒரு பேச்சுக்கு சேர்."

அப்படித்தான் அவருக்கு இனிட் பாடம் தொடங்கியது. எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைப் பட்டியல், எழுப்புவதற்கு, கே என்ற எழுத்தில் தொடங்குவது நிறுத்துவதற்கு. கே என்றால் கில். இனிட்டாப் என்ற ஃபைலில் உள்ள ஒரு வரியையும் காட்டினேன்.

id:3:initdefault:

"இதுல மூணு இருந்தா சாதாரண வேலை சேர். ஒண்ணு ரிப்பேருக்கு, ஒராள் மட்டும் உள்ள போகலாம். பூச்சியம்னா நிப்பாட்டு. ஆறுன்னா நிப்பாட்டித் திரும்ப எழுப்பு. இந்த எடத்துல மட்டும் ஆறு போடவே கூடாது. போட்டா மெஷின் எழும்பும், எழும்பின கையோட தானே விழும், திரும்ப எழும்பும். நாள் பூரா அதே கூத்துதான்."

"எந்த மடையன் மிஸ் அங்க போயி ஆறு போடுவான்?"

"போடுறாங்களே. அதுக்குத்தான் ஆறு போடாதேன்னு மேல எழுதி வச்சிருக்கு, பாருங்க. முன்னுக்கு ஹாஷ் அடையாளம் போட்ட வரிய மெஷின் படிக்காது. அது மனுசருக்கு."

சேர் பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

ஆனாலும் மெஷினில் எதையும் மாற்ற விடும் ரூட் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "நாளைக்கே ஒங்களுக்குக் கால்ல கையில அடிபட்டா நான் யார்கிட்ட போறது?" நியாயம்தான். அப்படியே ஃபைலைத் திருத்தும் வி-ஐ எடிட்டரையும் பழக்கப் பார்த்தேன். உள்ளே போனவருக்கு வெளியே வரத் தெரியவில்லை. எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிவிட்டார். மெனேஜர் என்றும் பாராமல் நான் கத்திய கத்தலில் கிச்சனிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கீபோர்ட் பக்கமே போகவில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. பேய்

கரண்டு அடிக்கடி போகும். போனதும் யூபிஎஸ் கத்தும், இனிட் ஒவ்வொரு கே ஸ்கிரிப்டாக ஓட்டி எல்லாவற்றையும் நிறுத்தும். புக்கிங் புரோகிராம் மட்டும் ஒழுங்காக மூடாமல் சண்டித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தும் ஸ்கிரிப்ட்டைப் பிரிண்ட் எடுத்து, பஸ்ஸில் படிக்கலாம் என்று ஹேண்ட்பேக்கில் மடித்து வைத்திருந்தேன்.

அது டவுனில் குண்டு வெடித்து, வழியெல்லாம் செக்பொயின்ட் முளைத்திருந்த நேரம். தமிழர் வீடுகளை எரித்த கலவர வருஷத்தில் தேயிலைக்குள் ஒளிந்து கிடந்து தப்பிய குடும்பம் எங்களுடையது. காக்கிச் சட்டையைக் கண்டால் அம்மா பேச்சை நிறுத்திவிடுவார். "பொலிசு என்னா கேட்டாலும் தலையாட்டிட்டு வா புள்ள" என்று தினமும் காலையில் சொல்லித்தான் அனுப்புவார். எனக்கு வாய் நீளம். அது அம்மாவுக்கும் தெரியும்.

அன்று பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். என் பேக்கைச் சோதித்த பொலிஸ்காரப் பெண் அந்தத் தாளை விரித்தாள். வரிக்கு வரி கில், கில், கில். அடையாள அட்டையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாரைக் கொல்லப் போறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

லினக்ஸில் பின்னால் நின்று வேலை செய்கிற புரோகிராமுக்கு டீமன், அதாவது பேய், என்று பெயர். கில் பண்ணுவது அதைத்தான். ஏற்கெனவே வேலைக்குப் பிந்திவிட்ட எரிச்சல் எனக்கு. "யக்கு" என்றேன். சிங்களத்தில் பேய்கள்.

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. பஸ் போய்விட்டது, நான் பொலிஸ் ஸ்டேஷன் மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டேஷன் பொறுப்பதிகாரி ஓஐசி தாளை வாங்கிப் பார்த்தார். நான் சொன்ன விளக்கம் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மாலைக்குள் விஷயம் தெளியாவிட்டால் என்னை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அந்த நாட்களில் அப்படிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தோட்டத்திலிருந்து அப்படிப் போன ஒரு பையனை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. அம்மா சொன்னபடி தலையாட்டிவிட்டு வந்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

என்னைப் பிடித்துக் கொடுத்த அந்தப் பெண்ணே சற்று நேரம் கழித்து ஒரு கோப்பை பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். "யாருக்காவது சொல்லணுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஹோட்டல் நம்பரைக் கொடுத்தேன். போன் பண்ணினாள்.

3. ஆறு

திலகசிரி சேர் உடனே வரவில்லை. பகல் சாப்பாட்டு நேரமும் போன பிறகுதான், மழையில் நனைந்து, மூச்சு வாங்க வந்து நின்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே ஓஐசியிடம் போனார். இரண்டு பேரும் சிங்களத்தில்தான் பேசினார்கள்.

"சேர், ஹோட்டல்ல யார் யார் தங்கியிருக்காங்கன்னு தினமும் உங்களுக்கு ஒரு லிஸ்ட் அனுப்புறோமே, இன்னைக்கு அது வராது. மெஷின் எழும்புது, விழுது, எழும்புது, விழுது. இந்தப் பிள்ளையைத் தவிர அதைத் தொட ஆள் இல்லை."

ஓஐசி நிமிர்ந்தார். "அப்போ அதை உடைச்சதே இவளாத்தான் இருக்கும்."

இருக்கிற சந்தேகம் போதாதென்று இது வேறா!

"இல்லை சேர். காலையில நான் கண்ணால பார்த்தேன், நல்லா ஓடிச்சு. உடையும்போது இவ உங்க வாங்கிலதான் இருந்தா. பாஸ்வேர்ட் இவ மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாஸ்வேர்ட் அவருக்கும் தெரியுமே! மறந்துவிட்டாரா இந்த மனிதர்? "சேர், உங்களுக்கும்..." என்று தொடங்கினேன்.

"வாய மூடுங்க மிஸ்!" என்று தமிழில் ஒரு அதட்டல் போட்டார். அப்படி ஒரு நாளும் என்னை அதட்டியதில்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு.

ஓஐசி யோசித்தார். குண்டு வெடித்த ஊரில் அந்த லிஸ்ட் இல்லாமல் அவராலும் இருக்க முடியாது. "போய் சரி பண்ணட்டும். சாயந்தரத்துக்குள்ள லிஸ்ட் வரணும். வரலேன்னா இவ திரும்ப இங்க வரணும்" என்றார். அந்தப் பொலிஸ்காரப் பெண்ணைக் கூடவே அனுப்பினார்.

ஹோட்டலில் மெஷின் சொன்னபடியேதான் இருந்தது. எழும்பியது, விழுந்தது, திரும்ப எழும்பியது. ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டதென்று முடிவே பண்ணிவிட்டேன். புது டிஸ்க் கொழும்பிலிருந்து வரவேண்டும், சாயந்தரத்துக்குள் எங்கே வருவது? மெஷின் 'பூட்' என்று கேட்கும் இடத்தில் நிறுத்தி, 'லினக்ஸ் சிங்கிள்' என்று அடித்தேன். ரிப்பேர் நிலை. உள்ளே போய்விட்டேன்.

டிஸ்க்கைச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. நடந்ததை மெஷின் எழுதி வைக்கும் லொக்கைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மெஷின் முறையாக எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் விழுந்திருந்தது. பழுதாகி விழுகிற மெஷின் இப்படி மரியாதையாக விழாது. யாரோ விழச் சொல்லியிருக்கிறார்கள். இனிட்டாப்பைத் திறந்தேன்.

id:6:initdefault:

'எந்த மடையன்' என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. திரும்பினேன். பின்னால் திலகசிரி சேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சேர்ட் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

"ஹெமின் மிஸ்" என்றார். "ஹெமின், ஹெமின்."

மெதுவாக என்று அர்த்தம். அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

அப்போதுதான் புரிந்தது. வி-ஐக்குள் போய், ஒரு எழுத்தை மாற்றி, சேமித்து, பிளக்கைப் பிடுங்காமல் வெளியே வந்திருக்கிறார்! கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார் பாவி மனிதர். பொலிஸுக்குப் பொய் சொன்னது தெரிந்தால் என்னோடு சேர்த்து அவரையும் உள்ளே போட்டிருப்பார்கள். கண் நிறைந்து ஸ்கிரீன் தெரியவில்லை. தூசு விழுந்ததைப் போலத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு நானும் ஹெமின்தான். உடனே சரி பண்ணினால் சந்தேகம் வருமே. டிஸ்க்கைத் திரும்பச் சோதித்தேன். மூடியைக் கழற்றித் தூசு ஊதினேன். ஒரு வயரைப் பிடுங்கி அதே இடத்தில் மாட்டினேன். சேர் அடிக்கடி தலையில் கை வைத்து, "ஐயோ, என்னா அநியாயம்!" என்று அருமையாகக் கவலைப்பட்டார்.

பொலிஸ்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். "என்ன வந்திருக்கு மெஷினுக்கு?"

"யக்கெக்" என்றேன். ஒரு பேய்.

இந்தத் தடவை அவளே வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆறை மூன்றாக மாற்றினேன். மூடுவதற்கு முன் அதற்கு மேலே ஹாஷ் போட்டு, ஆங்கில எழுத்தில் ஒரு சிங்கள வரி அடித்தேன்: பொஹோம ஸ்துதி. மிக்க நன்றி. வாயால் சொல்ல வழியில்லை, வேறு எங்கே சொல்வது?

லிஸ்ட் பிரிண்ட் ஆனது. அந்தப் பெண் ஓஐசிக்குப் போன் பண்ணினாள், கில் எழுதிய தாளைப் பற்றியும் தன் பாட்டில் ஏதோ விளக்கினாள். சேர் பொறுப்புக் கையெழுத்து வைத்தார். வெளிச்சம் இருக்கும்போதே நான் பன்வில பஸ் ஏறிவிட்டேன். அம்மாவிடம் அன்று எதுவும் சொல்லவில்லை.

4. பதில்

மறுநாள் சேர் ஒன்றும் நடக்காததுபோல வந்து நின்றார். "லிஸ்ட் எங்க மிஸ்? இக்மன்!" நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டுச் சொல்லி யார் காதிலாவது விழுந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. அப்படியே வருஷங்கள் போயின. அவர் ஓய்வு பெற்று பிலிமத்தலாவையில் மகளோடு போய் இருந்தார். யுத்தமும் முடிந்தது.

இனிட்டாப் என்பது ஒரு தடவை சரியாக அமைந்தால் வருஷக்கணக்கில் யாரும் திறக்காத ஃபைல். நானும் திறக்கவில்லை. பழைய மெஷினைக் கழற்றிப் புதியது போடும் நாள் வந்தபோதுதான் அதைத் திறந்தேன். என் 'பொஹோம ஸ்துதி' அப்படியே இருந்தது. அதற்குக் கீழே நான் எழுதாத இன்னொரு ஹாஷ் வரி.

இக்மன் கரன்ன.

சீக்கிரம் செய்யுங்கள். ஃபைல் கடைசியாக மாறிய திகதியைப் பார்த்தேன். நான் ஸ்டேஷனில் இருந்த அதே வாரம். பதில் எழுதிவிட்டு, நான் பார்ப்பேன் என்று இத்தனை வருஷம் பேசாமல் இருந்திருக்கிறார்.

சர்வர் ரூமில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு பிலிமத்தலாவைக்குப் போன் எடுத்தேன்.

"சேர், ஒங்க வரிய இன்னைக்குத்தான் பாத்தேன்."

அந்தப் பக்கமிருந்து இருமலும் சிரிப்புமாகக் குரல் வந்தது. "இன்னைக்கா? இவ்வளவு வருசமாவா? அதுக்குத்தானே மிஸ் இக்மன்னு எழுதினேன்!"

இப்போது இனிட்டாப் இல்லாத மெஷின்களில் வேலை பழகுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது. ஹாஷ் போட்டு ஒரு வரி எழுதி வையுங்கள். எழுதிவிட்டு அப்படியே விட்டுவிடாமல் இடைக்கிடை திறந்தும் பாருங்கள். யாராவது பதில் எழுதியிருப்பார்கள்.