வான்கோழியை அறுக்கச் சொன்னது

எங்கள் ஊர் இன்னும் திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்த காலம். கோட்டாறு சந்தைக்குப் பின்னால் கோழி அறுத்துக் கொடுக்கும் ஒரு சாயிபு இருந்தார். மெலிந்த உடம்பு, மருதாணி போட்டுச் சிவந்த தாடி. எந்தக் கோழியானாலும் உள்ளங்கையில் தண்ணீர் ஏந்திக் குடிக்க வைத்த பிறகுதான் கத்தியை எடுப்பார். அதுவரை கத்தியைத் துண்டுக்குள் மறைத்து வைத்திருப்பார்.

நான் வளர்த்த வான்கோழியின் மேல் உப்பு வண்டி ஏறிவிட்டது. மனைவி இறந்தபின் வீட்டில் என் காலடிச் சத்தத்துக்குக் குரல் கொடுத்த உயிர் அது ஒன்றுதான். இரண்டு காலும் நொறுங்கி, வயிறு கிழிந்தும் சாகாமல் கிடந்தது. சாக்கில் சுற்றி அவரிடம் தூக்கிப்போனேன்.

"கறி வைக்கவா ஓய்?"

"இல்ல. அது படுற பாடு பாக்க முடியல. அறுத்துத் தந்தா புதைச்சிருவேன்."

"புதைக்கதுக்கு நான் அறுக்கதில்ல. தின்னதுக்குத்தான் அறுப்பேன்." சாக்கை விலக்கிப் பார்த்தார். "இது பிழைக்காது. உமக்குத் தொண்டையில எறங்காதுன்னா நான் கொண்டுபோய்த் தின்னுகேன். சம்மதமா?"

தலையாட்டினேன்.

"தலையாட்டினா போதாது ஓய். வளத்தவன் வாயால சொல்லணும்."

யாரிடமும் சட்டென்று பேச வராதவன் நான். வான்கோழி என் வேட்டி முனையை அலகால் பற்றிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தைத் தடவியபடியே, "அறுத்துத் தின்னுங்க" என்றேன்.

வெறும் சாக்கோடு திரும்பினேன். என்மேல் இரங்கித் தானே தின்பதாகச் சொன்னாரா, கறிக்கு ஆசைப்பட்டுச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரக்கமாகவே இருந்தாலும், அன்று அவர் வீட்டு அடுப்பில் வெந்தது என் வான்கோழிதான்.