முன் அச்சில் ஒரு கோளாறு

எங்கள் பிக்கப் வண்டியின் முன் அச்சை எத்தனை முறை கழற்றினார்கள் என்று நினைத்தால் இப்போதும் அலுப்புத்தான் வருகிறது. தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, கம்பம் மெட்டு வளைவில் உருண்டு நசுங்கிப்போன பழைய வண்டி அது. ஓட்டிய அப்பாவுக்கு வலது கை முறிந்தது. வைத்தியர் கட்டை அவிழ்த்த மறுநாளே கை சரியாகிவிட்டது என்று அப்பா அறிவித்துவிட்டார். வண்டிதான் சரியாகவில்லை. கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போவதுதான் எங்கள் பிழைப்பு. வண்டி ஓடாவிட்டால் அடுப்பு எரியாது.

அம்மாவின் அண்ணன் கம்பத்தில் பட்டறை வைத்திருந்தார். ஞாயிறுதோறும் வந்து, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். பத்து வயதுப் பெண்ணான எனக்கு பிரேக்கை மிதிக்கிற உத்தியோகம். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங் கோளாறு, நிற்காவிட்டால் சக்கரம் திரும்புகிற கிங்பின் முளை. இரண்டையும் மாற்றியாயிற்று. திராட்சைப் பந்தல் கம்பியைப் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம்வரை இழுத்துக் கட்டி நேர் பார்த்தாயிற்று. அம்மா தன் பங்குக்கு நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். ஆனாலும் அப்பா ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் இடப்பக்கம் இழுக்குது மச்சான்" என்பார். மறுபடி ஜாக்கி, மறுபடி பிரேக். எனக்குக் கால் கடுத்துப்போகும்.

கடைசியில் ஒரு ஞாயிறு மாமா தானே ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். லோயர் கேம்ப் சாலையில் நேரான இடம், போகும்போதும் வரும்போதும் இடது ஓரம் லேசான சரிவு. இருவருக்கும் நடுவில் நான். வண்டி நூல் பிடித்த மாதிரி போனது. திரும்பும்போது அப்பா ஓட்டினார். வண்டி இடது ஓரத்துப் புளியமரத்தைப் பார்த்துச் சாய்ந்தது. நான் கண்கொட்டாமல் கவனித்தேன், கண்டுபிடித்தும்விட்டேன்.

"மாமா, கியர் மாத்த அப்பா இடது கைய எடுக்கும்போது மட்டுந்தான் இழுக்குது. வலது கை ஸ்டீயரிங்கில நிக்கவே மாட்டேங்குது, நழுவுது."

அப்பா வண்டியை ஓரம் கட்டினார். மாமா சாலையைப் பார்த்தபடி, "அச்சுலதான் என்னமோ இருக்கு மாப்ள. அடுத்த வாரம் இன்னொரு தடவ கழட்டிப் பாத்துருவோம்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அச்சுல ஒண்ணுமில்லன்னு நீங்கதான மாமா சொன்னீக?"

"சும்மா இரு ஆத்தா." மாமா அப்படிக் கெஞ்சிப் பேசி நான் கேட்டதில்லை.

"அவ சொல்றது சரிதான் மச்சான்" என்றார் அப்பா. எஞ்சினை நிறுத்திச் சாவியை உருவி மாமாவிடம் நீட்டினார். "ஓட்டுறதுக்கு நீங்களே ஒரு ஆளப் பாருங்க."

ஆறு மாதப் பழுதைக் கண்டுபிடித்தவள் நான், என்னை ஒருவரும் மெச்சவில்லை. அந்தக் கோபத்தில் அப்பா இடது கையால் சாவி கொடுப்பது கண்ணில் பட்டது. பெரியவர்களுக்கு இடது கையால் எதையும் கொடுக்கக்கூடாது என்று என் தலையில் குட்டிச் சொல்லித்தந்தவர் அவர்.

"சோத்தாங்கையால குடுங்கப்பா" என்றேன்.

அப்பா மறுபேச்சில்லாமல் கையை மாற்றினார். சாவி விரல்களில் நிற்காமல் காலடியில் விழுந்தது. நான் கைகொட்டிச் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார், அதனால் எனக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை.