பாருய்பூர் சந்தையில் அம்மா

பாலிகஞ்ச் ஸ்டேஷனில் யாரோ கூடையை இறக்கியபோது எழுந்த கொய்யா வாசனை, இன்று அடுக்குமாடிக் கட்டிடமாகிவிட்ட பாருய்பூரின் பழைய கொய்யாச் சந்தைக்கு, அதன் ஈர வைக்கோலுக்கும் ஏலக் கூச்சலுக்கும் நடுவே, என்னைக் கொண்டுபோய் விட்டது. சிறுவயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களை லோக்கல் ரயிலில் அங்கே அழைத்துப்போனார். அவருடைய துறைமுக வேலைக்காக இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடமாகியும் அம்மாவுக்குப் பெங்காலி வரவில்லை. வெளியே போவதும் அபூர்வம்.

திரும்பும்போது நெரிசலில் நானும் அப்பாவும் ரயிலில் ஏறிவிட்டோம். அம்மா பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டாள்.

"ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதேடா அவளுக்கு," என்று அப்பா அடுத்த ஸ்டேஷன்வரை புலம்பினார். அங்கே இறங்கி, எதிர் ரயிலைப் பிடித்து, திரும்பி வந்து தேடினோம். சந்தை வாசலில் பழக்காரிகளுக்கு நடுவே, விரித்த சாக்கின்மேல், மண்குவளைத் தேநீரோடு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"பயந்துட்டியா?" என்றார் அப்பா.

"மொதல்ல பயந்தேன். அப்புறம் இவங்க கையைக் காட்டி என் பேரைக் கேட்டாங்க. இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து யாருமே கேட்டதில்லீங்க."

"சரி, கிளம்பு. அடுத்த வண்டி வந்துரும்."

"குடிச்சிட்டு வரேன். செத்த இருங்க."

அப்பாவும் நானும் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தோம்.