விநாசித்தம்பியின் அசல் என்ஜின்

பினாங்கு துறைமுக அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற விநாசித்தம்பியிடம் யார் வந்து பேசினாலும், பேச்சு எப்படியாவது அவருடைய காரில் போய்த்தான் நிற்கும். இரண்டே பேர் உட்காரக்கூடிய பச்சை ஸ்போர்ட்ஸ் கார். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்கார மேலாளரிடம் வாங்கியது. கூரை ஒழுகும், கதவு சரியாகச் சாத்தாது. ஆனால் "என்ஜின் ஒரிஜினல்" என்று அவர் சொல்லும்போது குரலே மாறிவிடும்.

1988இல் பழைய கார் சங்கத்தார் எஸ்பிளனேட் கடற்கரைத் திடலில் அணிவகுப்பு வைத்தார்கள். தொழிற்சாலையில் பொருத்திய அதே என்ஜின் இருக்கும் கார்களுக்கு முன்வரிசை, மற்றவை பின்னால். முன்வரிசையைத் தவிர வேறெதையும் விநாசித்தம்பி நினைக்கவில்லை. பாயான் பாருவில் இருக்கும் சம்பந்தி கந்தப்புவையும் வந்து பார்க்கச் சொல்லிவிட்டார்.

காரைச் சோதிக்க வீட்டுக்கு வந்தவர் சங்கச் செயலாளர் ஷேக் அலாவுதீன். தொழிலில் பல் டாக்டர். பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியை என்ஜின் பக்கம் நீட்டினார்.

"வலிச்சா சொல்லுங்க அங்கிள்."

பதிவுப் புத்தகத்தில் இருக்கும் நம்பர், என்ஜினில் அறைந்த பித்தளைத் தகட்டிலும் இருக்க வேண்டும். தகடு தங்கமாய் மின்னியது. அதில் டாக்டரின் மீசை தெரிந்தது, நம்பர் தெரியவில்லை.

"கோசோங் லா அங்கிள்! ஒரு எழுத்துகூட இல்ல. என்ன பண்ணீங்க?"

வெள்ளிக்கிழமைதோறும் மனைவி கமலாம்பிகை சாமி விளக்குகளைத் தேய்த்து முடித்ததும், மிஞ்சிய புளியையும் சாம்பலையும் எடுத்துக்கொண்டு விநாசித்தம்பி காரிடம் போவார். காரிலேயே முக்கியமான இடமாயிற்றே என்று, முப்பது வருஷமாக அந்தத் தகட்டைத்தான் அழுத்தித் தேய்த்துவந்தார். பிறகு அதற்கு ஒரு சந்தனப் பொட்டு.

"என்னைப் பாக்காதேங்கோ," என்றாள் வாசற்படியில் நின்ற கமலாம்பிகை. "நான் விளக்கைத்தான் தேய்ச்சனான். விளக்கிலை நம்பர் இல்லை."

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "டவுன்ல ஒருத்தர் புதுத் தகட்டுல நம்பர் அடிச்சுத் தருவார். முன்வரிசையில நிக்கப்போற ஒரு காருக்குள்ள டாக்சி என்ஜின், தெரியுமா? நம்பர் மட்டும் பளிச்சுன்னு இருக்கு!"

"அப்ப டாக்சி என்ஜின் ஒரிஜினல், என்ரை என்ஜின் டூப்ளிகேட்டோ?"

"பேப்பர்ல அப்படித்தான் அங்கிள்."

அத்தாட்சி இல்லாத சரக்கு எதையும் விநாசித்தம்பி துறைமுகத்தைவிட்டு வெளியே விட்டதில்லை. கண்ணெதிரே அழுகிய வெங்காயத்துக்கே, "வெங்காயமெண்டு எனக்குத் தெரியுது, பேப்பருக்குத் தெரியேல்லையே" என்று வியாபாரிகளைத் திருப்பி அனுப்பியவர். உண்மையை நிரூபிக்கப் பொய்த் தகடு அடிக்க அவருக்குக் கை வரவில்லை.

அணிவகுப்பன்று கார் பின்வரிசையில் நின்றது. முன்கண்ணாடியில் சங்கத்தின் அட்டை: "என்ஜின்: உறுதிசெய்யப்படவில்லை."

"இது ஒரிஜினல்தான்," என்றார் விநாசித்தம்பி.

கந்தப்பு அட்டையைப் படித்தார். என்ஜினைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் படித்துவிட்டு, "ஓம், ஓம்" என்றார்.

அவர் அட்டையைத்தான் நம்பினார். அவர் இடத்தில் இருந்திருந்தால் தானும் அதையே நம்பியிருப்பார் என்பதுதான் விநாசித்தம்பிக்குப் பொறுக்கவில்லை.